இடமா, வலமா

சாம்பல் திரையில் இருநூறு வெள்ளைப் புள்ளிகள்.
இருபத்துநான்கு மட்டும் வலப்பக்கம் போகும்.
மற்றவை, மூர் மார்க்கெட் வளாகத்தின்
மாலை ஆறரைக் கூட்டம் மாதிரி
ஆளுக்கொரு திசை.
கேள்வி ஒன்றுதான்: மொத்தமாய்ப் பார்த்தால்
இடமா, வலமா?

அரக்கோணம் வண்டிக்குப் பிளாட்பாரம் மாற்றி
அறிவிக்கிற நொடியில்
கூட்டம் நூற்றுக்கு நூறு ஒரே பக்கம்.
அதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம்.
எனக்கு வேண்டியது பன்னிரண்டு சதவீதம்.

ஒவ்வொரு புள்ளிக்கும் ஐந்து ஃபிரேம் ஆயுள்.
அணைந்து வேறெங்கோ முளைக்கும்.
இல்லாவிட்டால் கெட்டிக்காரக் கண்
ஒற்றைப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு
அதன் பின்னாலேயே போய் விடை சொல்லிவிடும்.
யாரும் யாரையும் தொடரக் கூடாது என்பதற்காக
நொடிக்கு இரண்டாயிரத்து நானூறு சாவு.
நிரலில் அது ஒரே வரி.

ஆய்வகமென்றால் இருட்டறை உண்டு,
மோவாய்க்குத் தாங்கி உண்டு,
அளந்து வைத்த ஐம்பத்தேழு சென்டிமீட்டர் உண்டு.
இப்போது திரை எங்கே இருக்கிறதென்றே தெரியாது.
மணலியிலா, மடிப்பாக்கத்திலா,
ஷேர் ஆட்டோவில் யார் மடியிலா.
அதனால் முதல் பக்கத்தில் எழுதினேன்:
ரேஷன் ஸ்மார்ட் கார்டைத் திரைமேல் வையுங்கள்,
பெட்டி அதே அளவு ஆகும்வரை இழுங்கள்.
ஒருவர் கேட்டிருந்தார்,
எங்களுடையது சர்க்கரை கார்டு, பரவாயில்லையா?

முதல் வாரம் ஒரு தப்பு செய்தேன்.
கடிகாரத்தைக் கேட்காமல்
ஃபிரேமை எண்ணிவிட்டேன்.
விலை கூடிய போன்களில்
என் புள்ளிகள் இரட்டை வேகத்தில் ஓடி
பாதி ஆயுளில் செத்தன.
வரைபடத்தைப் பார்த்த ஜெயசீலி
"பணக்காரங்க கண்ணு மட்டும் ஏன் வேற மாதிரி?" என்றாள்.
நாற்பத்தொரு பேரின் பதில்களை அழித்தோம்.

நாளெல்லாம் வலப்பக்க ஓட்டத்தைச் சரிபார்த்துவிட்டு
மடிக்கணினியை மூடினால்
தரமணி அறையின் சுவர்
மெல்ல இடப்பக்கம் ஒழுகும்.
அது நகரவில்லையென்று எனக்குத் தெரியும்.
கண்ணுக்கு யார் சொல்வது.
ஜன்னலில் வேளச்சேரி ரயில் போகும்.
அது நிஜமாகவே போகும்.

பிறகு அறுபத்துமூன்றாம் ஆள்.
பெயர் கேட்பதில்லை. வயது முப்பத்துநான்கு.
தொடங்கிய நேரம் நள்ளிரவு ஒன்று ஐம்பத்திரண்டு.
நூற்றிருபது தடவை காட்டினேன்.
நூற்றிருபது தடவையும் வலம்.
ஒரே பட்டனை அழுத்துகிறவர் பார்ப்பதில்லை
என்பது நாங்களே எழுதிவைத்த விதி.
கழிக்குமுன் கடைசிப் பெட்டியைத் திறந்தேன்.

"இடது கையில பாப்பா தூங்குது.
வலது கட்டை விரலுக்கு வலது பட்டன்தான் எட்டுது.
ஆனா எனக்கு எதுவும் சைடுல போகல.
எல்லாம் என்னப் பாத்துதான் வருது.
அதுக்குப் பட்டன் இல்ல."

நிரலை மேலிருந்து கீழ்வரை படித்தேன்.
பார்ப்பவரை நோக்கி வருகிற மாதிரி
ஒரு புள்ளியையும் நான் எழுதவில்லை.

"மூணாவது பட்டன் வெச்சா அது வேற சோதனை"
என்றாள் ஜெயசீலி.
சரிதான். வரிசையைக் கழித்தேன்.

அன்றிரவு விளக்கணைத்து
இடது கையில் தலையணையைச் சாய்த்துக்கொண்டு
வலது கையில் போனுடன் உட்கார்ந்தேன்.
இடம். வலம். வலம். இடம்.
கீழே யாரோ தண்ணீர் மோட்டார் போட்டார்கள்.
எண்பதாவது தடவையோ என்னவோ,
இருநூறும் கொஞ்சம் பெரிதாயின.

வலம் என்று அழுத்தினேன்.